தனித்தட்டு வேண்டாம்

கேள்வி: என் தம்பிக்கு எச்.ஐ.வி. தொற்று உள்ளது. மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறான். ஆனால் தனித்தட்டு, தனிப்பாய் என்று ஒதுங்கியே கிடக்கிறான். என்ன செய்வது?
– ஒரு வாசகி, வத்திராயிருப்பு

பதில்: சகோதரி, இன்றிரவே அந்தத் தட்டை எடுத்துவிட்டு, பக்கத்தில் உட்காரவைத்துப் பரிமாறுங்கள். எச்சிலாலோ தொடுவதாலோ இது பரவாது. மருந்தால் ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி, அப்படியே நிலைத்துவிட்டால் தாம்பத்தியத்திலும் பரவாது.

அவர் ஒதுங்குவதை லேசாக விடாதீர்கள். 2018 டிசம்பரில் நம் மாவட்டத்துச் சாத்தூரில் கர்ப்பிணிக்குத் தொற்றுள்ள ரத்தம் ஏற்றியது நினைவிருக்கும். தனக்குத் தொற்று என்று தெரிந்ததும் தானே ஓடிப்போய்த் தகவல் சொன்னவர், ரத்தம் கொடுத்த இளைஞர். அந்த நேர்மைக்கு ஊரே அவர் பக்கம் நின்றிருக்க வேண்டும். மாதம் முடியுமுன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரைக் கொன்றது கிருமி அல்ல.

எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் மனநல ஆலோசனை உண்டு. தம்பியோடு நீங்களும் போங்கள். எச்.ஐ.வி. உதவிக்கான 1097 எண்ணுக்குக் கட்டணம் இல்லை.