உடல் மெலிகையில் என்பும் மெலியலாமா?



ஊரில் ஆசிரியனாக இருந்த காலத்தில், "என்பு உடலின் தூண், கொழுப்பு உடலின் களஞ்சியம்" என்று கற்பித்தேன். தூணும் களஞ்சியமும் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்கின்றன என்பதை அன்று நான் அறியேன்.

இடம்பெயர்ந்த நாள்களில் உணவின்றி மெலிந்தோம். வளைகுடாவுக்கு வந்தபின் பருத்தோம். இப்போது விரும்பியே மெலிகிறோம். என் துணைவியார் இரவுணவை அறவே விடுத்து, ஆறு மாதங்களில் ஒன்பது கிலோ குறைந்தார். அனைவரும் பாராட்டினோம். பின்னர் குளியலறையில் வழுக்கிக் கையூன்றியபோது மணிக்கட்டு முறிந்தது. மெலிவு மட்டுமே காரணமென்று கூற இயலாது. எனினும், "எடை குறைத்தீர்களே, உடற்பயிற்சி செய்தீர்களா?" என்று மருத்துவர் வினவினார். அவ்வினாவே இப்பாடத்திற்கு வித்து.

கொழுப்பு அனுப்பும் தூது

கொழுப்பிழையம் ஓமோன்களைச் சுரக்கிறது. அவற்றுள் ஒன்றான லெப்ரினை 1994இல் நியூயோர்க் ரொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி பிரீட்மன் குழுவினர் கண்டறிந்தனர். "மெலிந்த" எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது. கொழுப்புக் குறைந்தால் லெப்ரினும் குறையும். மூளை அதனைப் பஞ்சமெனக் கொண்டு பசியைத் தூண்டும். லெப்ரின் என்புக் கலங்களை நேராகவும் மூளை வழியாகவும் பாதிக்கிறது. இவ்விரு வழிகளின் விளைவுகளும் ஒன்றல்ல.

அடிப்பொனெக்ரின் இதற்கு எதிரானது. உடல் மெலிய அது கூடும். அது மிகுந்தவர்களிடம் என்பின் அடர்த்தி குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்திரோஜன் பெரும்பாலும் கொழுப்பிழையத்திலேயே உருவாகிறது. கொழுப்புக் குறைய அந்தக் காவலும் குறைந்து, என்பு கரைவது விரைவுறும்.

என்பு அனுப்பும் மறுமொழி

என்பை ஆக்கும் கலங்கள் ஒஸ்ரியோகல்சின் எனும் புரதத்தைச் சுரக்கின்றன. அது இன்சுலின் சுரப்பையும் கொழுப்பையும் ஆள்கிறது என்று 2007இல் ஜெரார்ட் கர்சென்ரி குழுவினர் எலிகளில் காட்டினர். மனிதரில் அதன் பங்கு எவ்வளவு என்பது இன்றும் விவாதத்துக்குரியது. மேலும், தாங்கும் சுமை குறைந்தால் என்புக் கலங்கள் ஸ்கிளெரோஸ்ரினை மிகுதியாகச் சுரந்து, புதிய என்பு ஆவதைத் தடுக்கின்றன.

சான்றும் தீர்வும்

2011இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, உடல் பருத்த 107 முதியோரை ஓராண்டு கண்காணித்தது. உணவை மட்டும் குறைத்தோர் எடையில் 10 விழுக்காடும், இடுப்பென்பின் அடர்த்தியில் ஏறத்தாழ 3 விழுக்காடும் இழந்தனர். உணவுக் குறைப்போடு உடற்பயிற்சியும் செய்தோர் எடையில் 9 விழுக்காடு இழந்தனர். என்பின் அடர்த்தியிலோ ஏறத்தாழ 1 விழுக்காடே இழந்தனர்.

எனவே எடை குறைப்பது தீதென்று எண்ணற்க. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளோர்க்கு அது நன்மையே. பட்டினியால் மெலிவதே தீது. வெயில் கொளுத்தும் இந்நாட்டிலும், குளிரூட்டிய அறைகளுள் வாழ்வதால் நம்மிற் பலருக்கு விற்றமின் டி குறைவு. அதனை இரத்தப் பரிசோதனையால் அறிக. குரக்கன், நெத்தலி, எள்ளு, தயிர், பருப்பு ஆகியவை உணவில் இடம்பெறட்டும். மாலையில் நடக்க; பளுவும் தூக்குக.

என் துணைவியார் இப்போது இரவில் அளவாக உண்டு, மாடிப்படி ஏறிப் பழகுகிறார். நானும் உடன் ஏறுகிறேன்.

பயிற்சி

1. உடல் மெலியும்போது குறையும் ஓமோன் ஒன்றையும் கூடும் ஓமோன் ஒன்றையும் குறிப்பிடுக.
2. உடற்பயிற்சியின்றி மெலிவது ஏன் தக்கதன்று? உம் இல்லத்துப் பெரியோர்க்கு விளக்கிக் கூறுக.