மாத்திரை கேட்கவில்லையா?

தாராவியில் ஒரு பெண். திருமணமாகி ஐந்து ஆண்டுகள். குழந்தை இல்லை. கருமுட்டை வெளிவர மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதம் சாப்பிட்டாள். பலன் இல்லை. "என் மகனுக்கு வேறு பெண் பார்க்கிறேன்" என்றாள் மாமியார்.

டாக்டரம்மா கேட்டார்: "உன் வீட்டுக்காரருக்குச் சோதனை செய்தாயிற்றா?"

இல்லை. அவனுக்கு வெட்கம். குறை ஆணிடமும் இருக்கலாம். விந்துச் சோதனைக்கு வலி கிடையாது. செலவும் குறைவு. அதைச் செய்யாமல் பெண்ணுக்கு மட்டும் மாத்திரை கொடுத்தது தவறு.

அவன் சோதித்துக் கொண்டான். குறையில்லை. அவளுக்குக் கருக்குழாயை எக்ஸ்ரே எடுத்தார்கள். அடைப்பு இல்லை. ஸ்கேனில்தான் தெரிந்தது: மாத்திரை சாப்பிட்டும் முட்டை வளரவில்லை.

இனி என்ன வழி? மாத்திரையை மாற்றலாம். குளோமிபீன் கேட்காத சிலருக்கு லெட்ரோசோல் கேட்கும். உடல் பருத்தவர்களுக்குச் சிறிது எடை குறைந்தாலே முட்டை வெளிவரலாம்.

அடுத்தது ஊசி. ஊசி போடும் நாட்களில் அடிக்கடி ஸ்கேன் பார்க்க வேண்டும். பல முட்டைகள் ஒன்றாக வளர்ந்தால் வயிறு வீங்கும். உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டு மூன்று குழந்தைகளும் தரிக்கலாம். மருந்துக் கடையில் தானாக வாங்கிப் போடவே கூடாது.

சிலருக்குச் சினைப்பையில் சிறு துளையிடும் அறுவை உதவும். கடைசி வழி சோதனைக் குழாய் முறை. 1986-இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் இம்முறையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. செலவு அதிகம். ஒரே முறையில் பலிக்கும் என்ற உறுதியும் இல்லை. 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி இச்சிகிச்சை தரும் இடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். நகையை அடகு வைக்குமுன் பதிவுச் சான்றைக் கேட்க வேண்டும்.

டாக்டரம்மா லெட்ரோசோல் எழுதிக் கொடுத்தார். மாமியாரையும் அழைத்துப் பேசினார். அடுத்த ஸ்கேனுக்கு மாமியாரும் துணைக்கு வந்தாள்.