பின்வரிசையிலிருந்து எழுந்த கேள்வி



பின்வரிசை உறுப்பினரின் ஓராண்டுப் பணியைக் கேள்விகளின் எண்ணிக்கையால் அளப்பது பிழை. நூறு கேள்வி எழுதிக் கொடுத்து, வந்த பதில்களை அடுக்கி வைப்பவரும் உண்டு. ஒரே விவகாரத்தை விடாமல் துரத்துபவரும் உண்டு. இரண்டாம் வகைக்கு ஃபெரோஸ் காந்தியின் 1957ஆம் ஆண்டைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. ரேபரேலியின் காங்கிரஸ் உறுப்பினர். பிரதமர் நேருவின் மருமகன். பதவி ஏதும் இல்லாதவர்.

1957 ஜூனில் ஆயுள் காப்பீட்டுக் கழகம், தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியது. கழகத்துக்கு அப்போது ஒரு வயதுகூட நிறையவில்லை. செப்டம்பரில் மக்களவையில் கேள்வி எழுந்தது; தெளிவான பதில் வரவில்லை. நவம்பர் இறுதியில் மீண்டும் எழுந்தது.

இங்கே துணைக் கேள்வியின் வலிமையை உணர வேண்டும். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் வாசிக்கும் பதில் அதிகாரிகள் எழுதிக் கொடுப்பது. அதை ஒட்டி எழும் துணைக் கேள்விக்கோ அமைச்சர் நின்ற இடத்திலேயே பதில் சொல்லியாக வேண்டும். முந்தைய பதிலும் புதிய பதிலும் முரண்படும் இடத்தில்தான் விவகாரம் பிடிபடும். இதைக் கற்பிக்காத குடிமையியல் பாடநூல்கள் கேள்வி நேரத்தை வெறும் சடங்காக்கிவிடுகின்றன.

டிசம்பர் 16 அன்று ஃபெரோஸ் விரிவாகப் பேசினார். சந்தை விலைக்கு மேல் கொடுத்துப் பங்குகளை வாங்கியது ஏன் என்பதே அவரது வாதத்தின் மையம். காப்பீட்டுத் துறை அவருக்குப் புதிதன்று. 1955 டிசம்பரிலேயே டால்மியா குழுமம் காப்பீட்டுப் பணத்தைக் கையாண்ட விதத்தை அவையில் அம்பலப்படுத்தியிருந்தார். அடுத்த மாதமே ஆயுள் காப்பீடு அரசின் கைக்கு வந்தது. 1957இன் உரை திடீர் ஆவேசம் அல்ல, ஈராண்டுப் படிப்பின் விளைச்சல்.

அந்த உரையைத் தொடர்ந்து பம்பாய் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது. உள்ளே இடமில்லாதவர்களுக்காக ஒலிபெருக்கி வைக்கப்பட்டது. கழகத்தின் முதலீட்டுக் குழுவைக் கலந்துகொள்ளாமலே பங்குகள் வாங்கப்பட்டது வெளிவந்தது. நிதித்துறைச் செயலாளரின் செயலுக்கு அமைச்சரே பொறுப்பு என்றது அறிக்கை. சென்னையைச் சேர்ந்த நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார்.

அவை நடவடிக்கைகளைப் பத்திரிகைகள் வழக்குக்கு அஞ்சாமல் வெளியிட வழிசெய்ததும் ஃபெரோஸ் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே. அது 1956இல் சட்டமானது. தனிநபர் மசோதா சட்டமாவது மிக அபூர்வம். விடுதலைக்குப் பின் இருபதைக்கூட எட்டவில்லை. உறுப்பினர் அவையில் பேசுவதற்குப் பாதுகாப்பு அரசியலமைப்பிலேயே இருந்தது. அதை அச்சிடும் பத்திரிகைக்குச் சட்டப் பாதுகாப்பு போதாமல் இருந்தது. உண்மையாக, தீய நோக்கமின்றி வெளியிட்டால் வழக்கில்லை என்று அந்தச் சட்டம் இடைவெளியை அடைத்தது. நெருக்கடி நிலையின்போது, 1976இல், ஃபெரோஸின் மனைவி பிரதமராக இருந்த ஆட்சியே அதை நீக்கியது. 1977இல் ஜனதா அரசு மீண்டும் கொண்டுவந்தது.