மலைப்பாம்பு விழுங்கிய பன்றி

மலைப்பாம்பு ஒரு பன்றியை முழுதாக விழுங்கிவிட்டால், அதன் உடலில் ஓரிடம் மட்டும் பெருத்துத் தெரியும். அந்தப் புடைப்பு தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கமாக மெல்ல நகரும். அதற்கு முன்னும் பின்னும் பாம்பு பழைய பருமனில்தான் இருக்கும். அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கு பார்ப்பவர்கள் தங்கள் நாட்டு நிலைமையை விளக்க 'மலைப்பாம்புக்குள் பன்றி' என்று சொல்வது வழக்கம். வியாபாரிகளாகிய நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு.

1930களின் பொருளாதார மந்தத்திலும் அடுத்து வந்த போரிலும் அங்கே பலருடைய திருமணமும் பிள்ளைப்பேறும் தள்ளிப்போயின. 1945இல் போர் முடிந்தது. வீரர்கள் ஊர் திரும்பினார்கள். வேலையும் வீட்டுக் கடனும் கிடைத்தன. 1946இல் 34 லட்சம் குழந்தைகள் பிறந்தன. 1957இல் அது 43 லட்சமாயிற்று. 1946 முதல் 1964 வரை மொத்தம் சுமார் 7 கோடியே 60 லட்சம். அதன்பின் பிறப்பு சரிந்து, 1973இல் 31 லட்சத்துக்கு வந்துவிட்டது.

இந்தப் புடைப்பு நகர்ந்த பாதையைப் பாருங்கள். முதலில் பால்புட்டி, குழந்தை உணவு விற்றவர்களுக்கு நல்ல காலம். பிறகு பள்ளிகளில் இடமில்லை. புதுக் கட்டடங்கள் எழும்பின. 1971இல் அரசுப் பள்ளி மாணவர்கள் 4 கோடியே 60 லட்சம். 1984இலோ 4 கோடிக்கும் குறைவு. பல ஊர்களில் பள்ளிகளையே மூட வேண்டியதாயிற்று.

விழித்துக்கொண்டவர்களும் உண்டு. குழந்தை உணவுக்குப் பேர்போன கெர்பர் கம்பெனி 1967இல் ஆயுள் காப்பீட்டிலும் இறங்கியது. ஜான்சன் அண்டு ஜான்சன் 1970களில் தன் குழந்தை ஷாம்புவைப் பெரியவர்களும் உபயோகிக்கலாம் என்று விளம்பரம் செய்தது. சரக்கு அதேதான், வாங்கும் ஆள்தான் வேறு. 1946இல் பிறந்தவர்களுக்கு 2011இல் 65 வயது. 1964இல் பிறந்தவர்களுக்கு 2029இல் 65 ஆகும். புடைப்பு இப்போது மருந்துக்கடைப் பக்கம் வந்திருக்கிறது.

ஓரிடத்தில் நின்று பார்ப்பவனுக்குப் புடைப்பு வளர்ச்சியாகத்தான் தெரியும். ஆகவே விற்பனை ஏறும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

1. ஒவ்வொரு வாடிக்கையாளரும் கூடுதலாக வாங்குகிறாரா, அல்லது அந்த வயதுக்காரர்களின் தலைக்கணக்குதான் கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தலைக்கணக்கு என்றால் அது நகர்ந்துவிடும்.

2. பின்னால் வருபவர்கள் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். இன்று தொட்டிலில் கிடக்கும் குழந்தைதான் ஐந்தாறு வருடத்தில் நோட்டுப் புத்தகம் வாங்க வரும். தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைதான் என்று 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. மக்கள்தொகை நிலையாக நிற்கவே சுமார் 2.1 வேண்டும். பள்ளிச் சாமான், பொம்மை விற்பவர்கள் இதை மனதில் வைத்துக் கொள்முதல் செய்வது நல்லது.

3. கூட்டம் வந்துவிட்டதே என்று கடன் வாங்கிக் கிடங்கு கட்டக் கூடாது. இரண்டு மூன்று வருடம் வாடகைக்கு எடுத்துச் சமாளிக்கலாம். வரும் லாபத்தில் ஒரு பங்கை அடுத்த வயதுக்காரர்களுக்கு வேண்டிய சரக்கில் போட்டு வைக்கலாம்.

வியாபாரம் ஏறும்போது வாங்கிய கடனுக்கு, இறங்கும்போதும் வட்டி கட்டித்தான் தீர வேண்டும்.