இறுகிய திருகு கற்பிக்கும் பாடம்

தொழிற்கூடத்திற்குப் பயில வரும் மாணவன் நெடுநேரம் நிற்கும் இடம் பெஞ்ச் வைஸின் முன்புதான். 1950-இல் தொடங்கப்பெற்ற கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் நாடெங்கும் நடைபெறும் தொழிற்பயிற்சி நிலையங்களில், ஃபிட்டர் மாணவன் இரும்புத் துண்டை வைஸில் இறுகப் பிடித்து அரம் போட்டே தன் கல்வியைத் தொடங்குகிறான்.

நல்ல வைஸ் இரண்டு தலைமுறைக்கு உழைக்கும். ஆனால் மழைச்சாரல் படும் மூலையில் பல ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தால், அதன் திருகு அசைய மறுத்துவிடும். தந்தை விட்டுச்சென்ற அத்தகைய வைஸை மீட்க முனையும் மகன் என்ன செய்கிறான்? கைப்பிடியில் நீண்ட குழாயைச் செருகி முழு பலத்துடன் திருப்புகிறான். அசையாவிடில் சம்மட்டியை எடுக்கிறான். பெரும்பாலான வைஸ்களின் உடல் வார்ப்பிரும்பு. அது அழுத்தத்தை நன்கு தாங்கும். இழுவிசையையும் திடீர் அடியையும் தாங்காது, வளையாமல் உடைந்துவிடும். உடைந்த வார்ப்பிரும்பை ஒட்டவைப்பது எளிதன்று. மீட்க வந்த கையே அழித்துவிடுகிறது.

ஆகவே முதற்படி விசாரணை. திருகைப் பிடித்திருப்பது எது? சில வைஸ்களில் திருகின் கழுத்து வளையத்தை ஒரு சிறு பின் பூட்டியிருக்கும். அழுக்கும் பழைய பெயிண்ட்டும் அதை மறைத்திருக்கும். அதைக் கழற்றாதவரை எவ்வளவு பலமும் வீணே. கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்த்தும் பூட்டு எதுவும் தென்படாவிடில், துருவே காரணமாக இருக்கக்கூடும். இரும்பு துருவாகும்போது, முன்பிருந்ததைப்போல் இரு மடங்கிற்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்கிறது. திருகின் மரைக்கும் நட்டின் மரைக்கும் இடையே அது ஆப்பாக நிற்கிறது.

இரண்டாம் படி காத்திருத்தல். துரு தளர்த்தும் எண்ணெயைக் காலையும் மாலையும் சில துளிகள் விட்டு, மரச்சுத்தியால் மெல்லத் தட்ட வேண்டும். அதிர்வினால் எண்ணெய் உள்ளே இறங்கும். இதற்குச் சில நாட்கள் ஆகலாம்.

அப்போதும் அசையாவிடில் மூன்றாம் படி மிதமான வெப்பம். முதலில் எண்ணெயை முற்றிலும் துடைத்துவிட வேண்டும்; இல்லையேல் தீப்பிடிக்கும். நட்டு உள்ள பகுதியை மட்டும் சீராகச் சூடாக்கினால் அதன் துளை விரியும். 25 மில்லிமீட்டர் துளை, 100 டிகிரி வெப்பம் கூடினால் சுமார் 0.03 மில்லிமீட்டர் விரிகிறது. தலைமயிரின் பருமன்கூட இல்லாத இந்த இடைவெளியே பல வேளைகளில் போதுமானது. சூடான இரும்பின்மீது குளிர்ந்த நீரை ஊற்றலாகாது, விரிசல் விடும்.

திருகு சற்றே அசைந்ததும் ஆர்வத்தில் ஒரேயடியாகச் சுழற்றிவிடக் கூடாது. கால் சுற்று வெளியே, சிறிது உள்ளே, மீண்டும் எண்ணெய் என்று முன்னும் பின்னுமாகச் செல்ல வேண்டும். செந்நிறத் துரு எண்ணெயோடு கசிந்து வெளியேற வழி தோன்றும்.

திருகும் நட்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இணைந்து இயங்கவே செய்யப்பட்டவை. இடையில் சேர்ந்த ஒன்றே அவற்றை முடக்கியது. பல ஆண்டுகளாகப் பேச்சற்றுப்போன உடன்பிறந்தாரிடையிலும், திருத்த முடியாதவன் என்று ஒதுக்கப்பட்ட மாணவனிடத்திலும் இந்த விசாரணையை நடத்திப் பார்க்கலாம். பலத்தைக் கையில் எடுக்குமுன், இடையில் சேர்ந்தது எது என்று கேட்பவரே உடைக்காமல் மீட்கிறார்.