மொட்டைத் தலையா, சடைமுடியா?

கல்லூரி விழாவுக்கு சினிமா வில்லன் வேடம் கட்ட வேண்டும். கையில் ஆயிரம் ரூபாய்தான். சித்தூர், திருப்பதிப் பிள்ளைகள் உடனே போனை எடுத்து ரெக்சின் அங்கி தேடுகிறார்கள். இந்த ஊர் வெயிலில் அதைப் போட்டால் அரை மணியில் உள்ளே இருப்பவன் வெந்துபோவான். துணியை விட்டுவிட்டுப் பூச்சுக்குச் செலவழியுங்கள். திருப்பதிக்கு இது புதிதல்ல. மே மாத வாக்கில் வரும் தாத்தய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரையில் பைராகி வேடத்துக்கு நாமக்கட்டி, பண்ட வேடத்துக்குக் குங்குமம், தோட்டி வேடத்துக்குக் கரி, தொர வேடத்துக்குச் சந்தனம் என்று ஜனங்கள் பூசிக்கொண்டு கிளம்புகிறார்கள். அந்தக் கதையிலும் ஒரு வில்லன் உண்டு: பெண்களைச் சீரழித்துவிட்டு ஒளிந்துகொண்ட பாளையக்காரன். அவனைத் தேடித்தான் கங்கம்மா இத்தனை வேடம் போட்டாள் என்பது ஐதீகம்.

சினிமா வில்லன்களில் இருப்பதிலேயே மலிவு, ‘புஷ்பா’வில் (2021) ஃபகத் ஃபாசில் செய்த போலீஸ் அதிகாரி ஷெகாவத். மொட்டை, மீசை, காக்கி, அவ்வளவுதான். திருமலை கல்யாணகட்டாவில் முடி இறக்கக் காசு கிடையாது. வேண்டுதல் பாக்கி வைத்திருப்பவருக்கு ஒரே கல்லில் ரெண்டு மாங்காய். சிக்கல் காக்கியில். தோளில் நட்சத்திரம் குத்திக்கொண்டு பஸ் ஏறினால் நிஜ போலீசுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். மேடைக்குப் பின்னால் போய் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஐந்தாறு பேராகச் சேர்ந்தால் ‘பாகுபலி’யின் (2015) காலகேயர் கூட்டம் எடுபடும். கொட்டாங்குச்சிக் கரியை இடித்து, பழைய வேட்டித் துணியில் சலித்து, எண்ணெயில் குழைத்தால் போதும். அவர்களுக்காக மதன் கார்க்கி உருவாக்கிய கிளிக்கி மொழியில் இரண்டு வசனம் மனப்பாடம் செய்தால் கைதட்டல் நிச்சயம். ஆனால் கறுப்பு பூசினால் கெட்டவன் என்கிற கணக்கு எனக்குப் பிடிப்பதில்லை. தவிர, நாற்காலி, பக்கத்து ஆள் சட்டை என்று தொட்டதெல்லாம் கரியாகும்.

‘பாதாள பைரவி’யில் (1951) எஸ்.வி. ரங்காராவ் செய்த மந்திரவாதியைத் தாத்தாக்கள் ரசிப்பார்கள். ஆனால் அந்த வேடத்தின் தையற்கூலியிலேயே பணம் தீர்ந்துவிடும்.

என் ஓட்டு ‘அருந்ததி’யின் (2009) பசுபதிக்கு. சோனு சூட் செய்த அந்த அகோரிக்கு வேண்டியது விபூதி, சடை, கறுப்பு வேட்டி. விபூதியைத் தண்ணீரில் தோசை மாவுப் பதத்துக்குக் குழையுங்கள். ஈரமாகப் பூசும்போது ஒன்றுமே தெரியாது. பதறிப்போய் மேலே மேலே அப்பாதீர்கள். காயக் காயத்தான் வெளுக்கும். நன்றாகக் காய்ந்ததும் முழங்கை மடிப்பிலும் நெற்றிச் சுருக்கத்திலும் வெடிப்பு விடும். அந்த வெடிப்புதான் பயமுறுத்துகிறது. கடையில் விற்கும் முகமூடியில் அது வராது.

சடைக்குத் தேங்காய் நார். கறுப்புச் சாயத்தில் ஒரு ராத்திரி ஊறவைத்து, வெயிலில் உலர்த்தி, பழைய தொப்பியில் கற்றை கற்றையாகத் தைக்க வேண்டும். நார் குத்தும். கூத்துக்காரர்கள் கிரீடம் வைக்குமுன் தலையில் துணி சுற்றிக் கட்டுவது போல நீங்களும் ஒரு சுற்று கட்டிக்கொள்ளுங்கள். குத்தாது, வியர்வையும் கண்ணில் இறங்காது.

‘புஷ்பா 2’ (2024) வந்த பிறகு அல்லு அர்ஜுனின் நீல உடம்பையும் எலுமிச்சை மாலையையும் பலர் கேட்கிறார்கள். அது மாதங்கி வேடம். ஜாத்திரையில் வேண்டிக்கொண்டு போடுவது. வில்லன் வரிசையில் சேர்க்காதீர்கள்.

எதைப் பூசினாலும் முதல் நாள் முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் தடவிப் பாருங்கள். மலிவுக் குங்குமத்தின் சாயம் சிலருக்கு எரியும். கரியைக் கழுவும்போது எடுத்தவுடன் சோப்பு போட வேண்டாம். தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துணியால் துடைத்துவிட்டு, அப்புறம் சீயக்காய். காதுமடலுக்குப் பின்னால் மறக்காமல் தேயுங்கள். மறுநாள் வகுப்பில் காட்டிக்கொடுப்பது அந்த இடம்தான்.