திரிசூலத்தின் கனம்

ஸ்ரீ விஜயபுரத்தில், பழைய பெயரில் சொன்னால் போர்ட் பிளேரில், படிக்கும் அன்புள்ள தங்கைக்கு,

வெட்டுவதையும் குத்துவதையுமே தன் இலக்கணமாகக் கொண்ட வீடியோ கேம் வகைக்கு 'ஹாக் அண்ட் ஸ்லாஷ்' என்று பெயர். புதிர், உரையாடல், ஊர் சுற்றல் என எதை வேண்டுமானாலும் அதில் சேர்த்துக்கொள்ளலாம் என்றாலும், கையிலுள்ள ஆயுதம் எதிரியின் மேல் விழும் அந்தக் கணம் சரியாக அமையாவிட்டால் மற்றவை எல்லாம் இருந்தும் ஆட்டம் தேறாது. 'டார்க் ஃபேன்டஸி' என்பது அந்தச் சண்டைக்குக் களமாக அமைக்கப்படும் உலகம். அசுரரும் மாயமும் நிறைந்த அவ்வுலகில் நல்லது வெல்லும் என்ற நம்பிக்கை ஆட்டங்காண, இழப்பும் அச்சமும் கதையின் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். தொண்ணூறுகளின் 'டயாப்லோ', 2005-இல் வந்த 'காட் ஆஃப் வார்' ஆகியவை இவ்விரண்டையும் இணைத்துப் பெயர் பெற்றவை.

இந்தியாவில் இவ்வகைக்கு நெருங்கி வந்து உலக அளவில் பேசப்பட்ட ஆட்டம், புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் உருவாக்கிய 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்'. 2020 ஆகஸ்ட் 18 அன்று நின்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்கும், அக்டோபர் 15 அன்று கணினி, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் ஆகியவற்றுக்கும் அது வெளிவந்தது. சென்னையிலிருந்து கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீண்டு அந்தமான் நிக்கோபாரை இணைக்கும் கண்ணாடியிழை கேபிள் தொடங்கி வைக்கப்பட்டது அதே ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று. அதாவது இந்த ஆட்டத்துக்கு எட்டே நாள் முன்பு. செயற்கைக்கோள் இணைப்பை மட்டும் நம்பியிருந்த காலத்தில் பெரிய கேம் ஒன்றை டவுன்லோட் செய்வது தீவுகளில் எத்தகைய தவம் என்பதை உன் வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள்.

ராஜி வித்தைக் கூட்டத்துச் சிறுமி. அவளுடைய தம்பி கோலுவை மகாபலாசுரனின் படை தூக்கிச் செல்ல, துர்க்கை அருளிய திரிசூலத்துடன் அவள் தேடிப் புறப்படுகிறாள். துர்க்கையும் விஷ்ணுவும் மேலிருந்து அவளைப் பார்த்துப் பேசிக்கொள்ளும் பேச்சே கதை சொல்லும் குரலாக அமைகிறது. கழைக்கூத்தாடியின் உடற்பழக்கம் உள்ளவள் என்பதால் அவள் தூணைப் பற்றிச் சுழல்வதும் சுவரில் ஓடி எம்பிக் குதிப்பதும் பொருத்தமாக இருக்கின்றன. நாயகியின் தொழிலையே சண்டைமுறைக்கு நியாயமாக்கிய இந்த யோசனை மிக நல்லது.

ஆட்டத்தின் முதன்மையான பலம் அதன் கண். ராஜஸ்தானத்துக் கோட்டைகளின் சாயலில் எழுந்த மாடங்கள், பகாடி ஓவியங்களை நினைவூட்டும் நிறங்கள், நிழற்பாவைக் கூத்தாக நிகழும் கதைக்காட்சிகள் ஆகியவை வெறும் அலங்காரமாக ஒட்டாமல் அந்த உலகின் மொழியாகவே இயங்குகின்றன. வட்டத் தட்டுகளைச் சுழற்றிச் சிதறிய ஓவியத்தை முழுமையாக்கும் மண்டலப் புதிர்கள் எளியவைதான். ஆனால் ஒவ்வொன்றும் கூடும்போது அக்காள் தம்பியின் பழைய நினைவு ஒன்று வெளிப்படுவதால், சண்டைகளுக்கு நடுவே மூச்சுவிடும் இடமாகவும் கதைக்குச் சுமைதாங்கியாகவும் அவை பயன்படுகின்றன. அந்த ஆண்டின் 'தி கேம் அவார்ட்ஸ்' விருதுகளில் சிறந்த அறிமுகச் சுயாதீனப் படைப்புக்கான பரிந்துரைப் பட்டியலில் 'ராஜி' இடம்பெற்றதற்கு இந்தக் கண்ணே காரணம் என்று தயங்காமல் சொல்லலாம்.

கண்ணிலிருந்தே முதல் குறையும் பிறக்கிறது. இந்த ஆட்டத்தில் கேமரா ஆடுபவரின் கையில் இல்லை. எங்கிருந்து எதைப் பார்க்க வேண்டும் என்பதை வடிவமைப்பாளரே முடிவு செய்துவிடுகிறார். பார்வையைக் கட்டுப்படுத்தும் கட்டடம் எப்படி வேலை செய்யும் என்பதை விளக்க உன் ஊரிலேயே கொடிய சான்று இருக்கிறது. 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையில், நடுக்கோபுரத்திலிருந்து ஏழு சிறகுகள் மிதிவண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போல விரிந்திருந்தன. ஒரு சிறகின் முகப்பு அடுத்த சிறகின் முதுகையே பார்க்கும்படி கட்டப்பட்டதால், கைதி எவரும் இன்னொருவரின் முகத்தைக் காண முடியாது. கோபுரத்துக் காவலரோ எல்லாத் தளங்களையும் காணலாம். இன்று மூன்று சிறகுகளே எஞ்சியிருந்தாலும், கோபுரத்தில் நின்று ஒருமுறையும் அறைக்குள் நின்று ஒருமுறையும் பார்த்தால், இடம் என்பது பார்வையைப் பங்கிட்டுக் கொடுக்கும் கருவி என்பது விளங்கும். நிலைத்த கேமரா உள்ள ஆட்டமும் இதே வேலையைச் செய்கிறது. 'ராஜி' கோட்டையின் பேரழகைக் காட்ட விரும்பும்போது அந்தப் பார்வை கோபுரத்துப் பார்வையாக இருக்கிறது. சண்டை மூண்டதும் திரையின் ஓரத்துக்கு வெளியே நிற்கும் அசுரன் எய்யும் அம்பு முதுகில் தைக்க, ஆடுபவர் அறைக்குள் அடைபட்டவராகிவிடுகிறார். தாவ வேண்டிய விளிம்பு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைக் கணிக்க முடியாமல் பள்ளத்தில் விழுவதும் இதனால்தான்.

இரண்டாவது குறை கையில் இருக்கிறது, இதுவே பெரியது. ஆட்டத்தில் ஒரு வெட்டு என்பது மூன்று பகுதிகளால் ஆனது: ஆயுதத்தை ஓங்குவது, அடி விழுவது, பழைய நிலைக்கு மீள்வது. சிலம்பம் பழகியவருக்கு இது புதிதாக இராது. அடித்த கம்பு எவ்வளவு விரைவாக மீள்கிறதோ அவ்வளவுக்கே அடுத்த அடியைத் தடுக்க முடியும். வினாடிக்கு 60 சட்டகங்கள் ஓடும் ஆட்டத்தில் ஒரு சட்டகம் (திரையில் தோன்றி மறையும் ஒற்றைப் படம்) 17 மில்லிவினாடிகூட நிற்பதில்லை. ஆனாலும் ஓங்கலில் ஐந்தாறு சட்டகம் கூடிவிட்டால் கை மந்தமாக இருப்பதாக மனம் உணர்ந்துவிடும். மீளும் பகுதியை இடையிலேயே முறித்துக்கொண்டு விலக அனுமதிப்பதும், அடி பட்ட கணத்தில் இருவர் உருவத்தையும் சில சட்டகங்கள் அப்படியே உறைய வைப்பதும் இவ்வகை ஆட்டங்களில் நெடுங்காலமாகக் கையாளப்படும் உத்திகள். இரண்டாவதற்கு 'ஹிட் ஸ்டாப்' என்று பெயர். கண் அறியாத அந்தச் சிறு தடங்கலில்தான் இரும்பு எலும்பில் பட்ட கனம் கைக்கு வருகிறது.

'ராஜி'யின் முதல் பதிப்பில் இந்தக் கனம் குறைவு. திரிசூலத்தின் வீச்சு நீளமாகவும் பார்க்க அழகாகவும் இருக்கிறது. ஆனால் தொடங்கிய வீச்சு முடியும்வரை உடல் அதிலேயே சிக்கிக்கொள்வதால், எதிரி ஓங்குவது தெரிந்தும் பட்டனை அழுத்தியும் ராஜி விலகாமல் நிற்கும் தருணங்கள் எரிச்சலூட்டுகின்றன. வில்லும் வாளும் கேடயமும் பிற்பாடு கிடைக்கின்றன, தெய்வங்கள் அருளும் மின்னல் போன்ற சக்திகளும் உண்டு. இருந்தும் வாயில்கள் அடைபடுவது, அசுரர் சிலர் தோன்றுவது, அவர்களை வீழ்த்தியதும் வழி திறப்பது என்ற ஒரே தாளம் ஐந்தாறு மணி நேரமும் மாறுவதில்லை. முடிச்சு அவிழாமலே கதையும் திடீரென நின்றுவிடுகிறது. அடுத்த பாகத்துக்கு இடம் வைப்பது வேறு, இந்தப் பாகத்தை முடிக்காமல் விடுவது வேறு.

இக்குறைகளுக்குப் பின்னால் பணம் இருக்கிறது. 2017-இல் கிக்ஸ்டார்ட்டர் வழியே நடந்த பொதுமக்கள் நிதித் திரட்டல் இலக்கை எட்டவில்லை. சிறிய குழு இடர்ப்பட்டே வேலையைத் தொடர்ந்தது. கோட்டையை ஓவியர் ஒருவர் வரைந்து முடித்துவிடலாம், வெட்டின் கனத்தையோ நூறு முறை ஆடிப் பார்த்து, ஒவ்வொரு முறையும் ஒரு சட்டகத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். காசு தீரும்போது முதலில் வெட்டுப்படுவது இந்தப் பொறுமைதான். 2022-இல் இந்திக் குரலுடன் வந்த மேம்படுத்திய பதிப்பில் சண்டையையும் செப்பனிட்டிருப்பது குழுவினரே குறையை உணர்ந்ததற்குச் சான்று. எனினும் இந்திய ஆட்டம் என்பதற்காகக் குறையை மறைத்துப் புகழ்வதும், அதே காரணத்துக்காக நிறையைக் காணாமல் விடுவதும் விமர்சனம் ஆகா.

இருள் என்ற அளவில் நோக்கினால், 2017-இல் ஹைதராபாத்தின் ஓகர் ஹெட் ஸ்டூடியோ வெளியிட்ட 'அசுரா' ஒரு படி துணிந்தது. மேலிருந்து பார்க்கும் கோணத்தில் அமைந்த அந்த ஆட்டத்தில் அசுரனே நாயகன், பழி தீர்ப்பதே நோக்கம். ஒவ்வொரு முறை சாகும்போதும் பாதையும் திறன்களும் புதிதாகக் கலைத்து அடுக்கப்படுவதால் மனப்பாடம் உதவாது. 'ராஜி'யின் கலையழகு அதில் இல்லை, எனினும் ஆடுபவரின் மனத்தில் நியாயம் யார் பக்கம் என்ற கேள்வியை அது எழுப்பிவிடுகிறது. 'ராஜி'யிலோ தெய்வங்கள் தொடக்கத்திலேயே பக்கம் சாய்ந்துவிட, இருள் விளக்கொளியின் ஏற்பாடாக மட்டும் நின்றுவிடுகிறது. கந்த சஷ்டியில் உன் ஊர் முருகன் கோயிலில் சூரசம்ஹாரத்தைப் பார்த்திருந்தால் இந்த வேறுபாடு எளிதில் பிடிபடும்: மாமரமாக நின்று பிளவுபட்ட சூரன் அழிந்துபோவதில்லை, மயிலாகவும் சேவலாகவும் மாறி வென்றவனுடனேயே இருக்கிறான். வீழ்ந்த பகைவன் என்ன ஆகிறான் என்று கேட்கும் இந்திய ஆட்டம் வந்தால், அதற்குக் கதை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

அடுத்த முறை ஆடும்போது, தங்கையே, செத்த ஒவ்வொரு தடவையும் காரணத்தை ஒரு தாளில் ஒரே வரியில் எழுதி வை. தவறு உன் கையிலா, கேமராவிலா, மீளாத வீச்சிலா என்று பிரித்து, ஒரு மணி நேரம் கழித்து எண்ணிப் பார். அந்தத் தாளை மறக்காமல் அனுப்பு.